நார்மல் லாஸ்

வழக்கமா இங்கே கிரிக்கெட், சினிமா, ஷேர் ஆட்டோ, எங்க காலேஜ் கேன்டீன் டீ இப்படி ஏதாவது மொக்கை போட்டுக்கிட்டு இருப்பேன். இன்னைக்கு அது இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. "ஆம்பளைப் பையனுக்கு இந்தப் பேச்செல்லாம் எதுக்குடா"ன்னு கேட்கப் போறவங்க பாதியில கிளம்பிடாதீங்க. முக்கியமா உங்களுக்காகத்தான் எழுதறேன்.

எழுதறதுக்கு முன்னாடி அக்காகிட்ட கேட்டேன். "பேரு போடாத. மத்ததை எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டா. அதனால பேர் இல்லை. ஆஸ்பத்திரி பேரும் இல்லை. காரணம், இது ஒரு ஆஸ்பத்திரியோட தப்பு கிடையாது. அந்த ஒரு இடத்தைத் திட்டிட்டு நாம நிம்மதியாத் தூங்கிடக் கூடாது.

அக்கா வீடு எர்ணாவூர். மாமா ட்ரெய்லர் ஓட்டறார். அக்காவுக்கு கார்மெண்ட்ஸ் கம்பெனியில டெய்லர் வேலை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சுதான் நாள் தள்ளிப் போச்சு. எங்க அம்மாவுக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். வேற யாருக்கும் சொல்லலை. "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், கண்ணு பட்டுடும்." உங்க வீட்டிலயும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

ஒன்பதாவது வாரம். ஒரு நாள் விடியற்காலை அஞ்சு மணிக்கு அம்மாவுக்கு போன். லேசா ரத்தம் படுதுன்னு அக்கா அழறா. மாமா எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லைன்ல நிக்கறார், வண்டியை விட்டுட்டு வர முடியாது. நானும் அம்மாவும் ராயபுரத்துல இருந்து ஆட்டோ பிடிச்சுப் போய் அவளைக் கூட்டிக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மூணரை மணி நேரம் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தோம். சுத்தி எல்லாரும் நிறைமாசக்காரங்க. டோக்கன் வரிசைப்படிதான் கூப்பிடுவாங்களாம். ரத்தம் படுதுன்னு சொன்னதுக்கு, "எல்லாருக்கும்தான் ஏதாவது இருக்கு, உட்காருங்க"ன்னு பதில். ஸ்கேன் ரூமுக்குள்ள அம்மா மட்டும் போனாங்க. ஸ்கேன் பார்த்தவர் அக்கா முகத்தைப் பார்க்கலையாம். பக்கத்துல எழுதிக்கிட்டு இருந்த பொண்ணுகிட்ட, "ஹார்ட்பீட் இல்ல, எழுதிக்க"ன்னாராம். அக்காவுக்கு விஷயம் அப்படித்தான் தெரிஞ்சுது. அவகிட்ட நேரடியா யாரும் சொல்லலை. அடுத்து வந்தவங்க கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்னம்மா வெயிட் தூக்கின?"

அப்புறம் வார்டு. பக்கத்து கட்டில்ல ஒரு அம்மா, முந்தின நாள் பிறந்த குழந்தை. அந்தக் குழந்தையோட அப்பா சந்தோஷத்துல எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துக்கிட்டு வந்தார். வாசல்ல நின்னுட்டு இருந்த எனக்கும் கொடுத்தார். வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. இந்த ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுக்க வைக்கலாம்னு முடிவு பண்ணது யாருங்கறதுதான் என் கேள்வி. அநேகமா யாருமே முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க. அதுதான் பிரச்சினையே.

"சுத்தம் பண்ணணும், சைன் போடுங்க"ன்னாங்க. போட்டோம். வேற வழி இருக்கான்னு நாங்க கேட்கலை, அவங்களும் சொல்லலை. மறுநாள் வீட்டுக்கு வந்தாச்சு. கையில ஒரு சீட்டு. அதுல இங்கிலீஷ்ல "மிஸ்டு அபார்ஷன்"னு எழுதியிருந்தது. மாமா பக்கத்துச் சொந்தக்காரர் ஒருத்தர், இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவர், அதை வாங்கிப் படிச்சுட்டு கேட்டார்: "அபார்ஷனா? அப்ப இவளே கலைச்சுக்கிட்டாளா?"

*

தமிழ்ல "கலைஞ்சுது"ன்னு ஒரு சொல் இருக்கு, "கலைச்சா"ன்னு ஒரு சொல் இருக்கு. ஒண்ணு தானா நடந்தது, இன்னொண்ணு செஞ்சது. மேகம் கலைஞ்சுதுன்னு சொல்லுவோம், மேகத்தை யாரோ கலைச்சாங்கன்னு சொல்ல மாட்டோம். நம்ம மொழிக்கு இந்த வித்தியாசம் தெளிவாத் தெரியும். டாக்டர்கள் எழுதற "அபார்ஷன்"ல அது இல்லை. அவங்க படிப்புல, தானா கலைஞ்சாலும் அபார்ஷன்தான், கலைச்சாலும் அபார்ஷன்தான். அது அவங்க துறைச் சொல், அவங்களுக்குள்ள பேசிக்கட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பற சீட்டுல "கரு தானாகக் கலைந்தது"ன்னு தமிழ்ல ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சுடும்? அந்த ஒரு வரி இல்லாததால என் அக்கா, குழந்தை போன வலியோட, தான் கொலைகாரி இல்லைன்னு நிரூபிக்க வேண்டியதாப் போச்சு.

(இன்னொண்ணையும் சொல்லிடறேன். கலைச்சுக்கறவங்களும் குற்றவாளிங்க கிடையாது. 1971-லேயே அதுக்குச் சட்டம் வந்தாச்சு, 2021-ல திருத்தி விரிவுபடுத்தினாங்க. 2022-ல கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் அந்த உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அவங்களுக்கும் இதே பெஞ்சும் இதே பேச்சும்தான் கிடைக்குது. இந்தப் பதிவுல கேட்கற மரியாதை அவங்களுக்கும் சேர்த்துத்தான்.)

*

பி.காம்.ல காஸ்ட் அக்கவுண்டிங்னு ஒரு பேப்பர். அதுல பிராசஸ் காஸ்டிங்னு ஒரு பாடம். ஒரு பிராசஸ்ல 100 கிலோ சரக்கு போட்டா 90 கிலோதான் வெளிய வரும்னு முன்னாடியே தெரியும்னு வைங்க. போன 10 கிலோவுக்கு "நார்மல் லாஸ்"னு பேர். எதிர்பார்த்த நஷ்டம். அதோட செலவை மிச்சம் வந்த 90 கிலோ தலையில ஏத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எதிர்பாராம போனதுக்குத்தான் "அப்நார்மல் லாஸ் அக்கவுண்ட்"னு தனியாத் திறந்து, மதிப்பு போட்டு, லாப நஷ்டக் கணக்கு வரைக்கும் கொண்டு போகணும்.

அக்கா வீட்டுக்கு வந்த ஒரு வாரம் கழிச்சு இந்தக் கணக்கைத்தான் க்ளாஸ்ல நடத்தினாங்க. எனக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சுது. நம்ம ஊர்ல முதல் மூணு மாசத்துல போற கருவை எல்லாரும் நார்மல் லாஸ் மாதிரிதான் நடத்தறாங்க. ஆஸ்பத்திரி, கம்பெனி, சொந்தக்காரங்க, சர்க்கார் திட்டம் எல்லாமே. "இதெல்லாம் சகஜம்மா, வயசு இருக்கு, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்." தனிக் கணக்கு திறக்கறது இல்லை.

சகஜம்தான், ஒத்துக்கறேன். உறுதியான கர்ப்பங்கள்ல 100-க்கு 10-ல இருந்து 20 வரைக்கும் இப்படிப் போகுதுன்னு மருத்துவம் சொல்லுது. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்ள. 2021-ல லான்செட் பத்திரிகையில வந்த கட்டுரைத் தொடர், உலகம் முழுக்க வருஷத்துக்கு 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுன்னு கணக்கு போட்டுச்சு. நிமிஷத்துக்கு 44. இந்தப் பதிவை நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள சில நூறு.

ஆனா ஒரு விஷயம் அடிக்கடி நடக்குதுன்னா அதுக்கு ஏற்பாடு இருக்கணுமா, இல்லாம இருக்கணுமா? ஐப்பசி, கார்த்திகையில மழை வர்றது சகஜம். அதனால வடிகால் வேண்டாம்னு யாராவது சொன்னா எர்ணாவூர்க்காரன் அடிக்க வருவான். சகஜம்னு தெரிஞ்ச விஷயத்துக்கு முன்கூட்டியே ஒரு ரூம், ஒரு ஆள், நாலு நல்ல வார்த்தை தயாரா வெச்சிருக்கணும். "சகஜம்"னு சொல்லிட்டுக் கையை விரிக்கிறதுதான் நம்ம ஊர்ல நடக்குது. நான் சண்டை போடறது இந்த ஒரு விஷயத்தோடதான்.

*

"வெயிட் தூக்கினியா"ங்கற கேள்விக்கும் பதில் சொல்லிடணும். முதல் மூணு மாசத்துல போற கருவுல சுமார் பாதிக்கு க்ரோமோசோம் கோளாறுதான் காரணம். கரு உருவாகும்போதே எண்ணிக்கை தப்பா அமைஞ்சுடுது. குடம் தூக்கினதும் இல்லை, பப்பாளி சாப்பிட்டதும் இல்லை, மாடிப்படி ஏறினதும் இல்லை, எண்ணூர் ரோட்டுல பஸ் குலுங்கினதும் இல்லை. அக்கா இன்னைக்கு வரைக்கும் அதுக்கு முந்தின நாள் துணி ஊற வெச்ச பக்கெட்டைப் பத்திப் பேசறா. "அதை மட்டும் தூக்காம இருந்திருந்தா.." "உன் தப்பு இல்லை"ன்னு படிச்சவங்க ஒருத்தர் அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த பக்கெட் அங்கேயே இறங்கியிருக்கும். பி.காம். படிக்கிற தம்பி சொன்னா யார் நம்புவா?

தப்பு தேடித்தான் ஆகணும்னா வெளியவும் தேடுங்க. தெற்காசியாவுல காத்து மாசுக்கும் கருச்சிதைவுக்கும் உள்ள தொடர்பைப் பத்தி 2021-ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா வெச்சிருக்கற வரம்பைத் தாண்டின தூசியோட வருஷத்துக்கு சுமார் மூணரை லட்சம் கரு இழப்புகளுக்குத் தொடர்பு இருக்குன்னு அதுல மதிப்பிட்டிருந்தாங்க. என் அக்காவுக்கு நடந்தது அதனாலதான்னு நான் சொல்ல வரலை. ஒருத்தருக்கு எதனால நடந்துச்சுன்னு அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனா மணலியும் அனல் மின் நிலையமும் கன்டெய்னர் லாரியும் சூழ்ந்த ஊர்ல, 2023 டிசம்பர்ல எண்ணெய்க் கசிவு, அதே மாசம் பெரியகுப்பத்துல அமோனியா கசிவுன்னு பார்த்த ஊர்ல, ஒரு பொண்ணுகிட்ட "நேத்து என்ன தூக்கின"ன்னு கேட்க உங்களுக்கு மனசு வருதா?

*

இப்ப சர்க்கார் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டைக் குறை சொல்ற பதிவு இல்லை இது. பிரசவத்துல அம்மாக்கள் சாகாம பார்த்துக்கறதுல நாம நாட்டுக்கே முன்னாடி நிக்கறோம். 2018-20 கணக்குப்படி லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவுல 97 தாய்மார் இறப்பு, தமிழ்நாட்டுல 54. இது சும்மா வந்துடலை. ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர், 108, ராத்திரி பகலா உழைக்கிற டாக்டர்கள்.. எல்லாரும் சேர்ந்து பண்ணது.

ஆனா திட்டங்களை வரிசையா வெச்சுப் பாருங்க. ஒவ்வொரு மாசமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனைன்னு மத்திய அரசு 2016-ல ஒரு திட்டம் கொண்டு வந்தது. அது யாருக்கு? ரெண்டாவது, மூணாவது மும்மாதத்துல இருக்கறவங்களுக்கு. 2017-ல "லக்ஷ்யா"ன்னு ஒண்ணு, கண்ணியமான கவனிப்பு வேணும்னு. எங்கே? பிரசவ அறையிலயும் பிரசவ ஆபரேஷன் தியேட்டர்லயும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018-ல இருந்து 18,000 ரூபாய், நல்ல திட்டம், எங்க தெருவுலயே எத்தனையோ பேர் வாங்கியிருக்காங்க. 12 வாரத்துக்குள்ள பேர் பதியச் சொல்லுவாங்க. 2024-ல தவணைகளை மாத்தினதுக்கு அப்புறம் முதல் பணத் தவணை நாலாவது மாசம்.

இதுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நியாயம் இருக்கு. மொத்தமா சேர்த்துப் பார்த்தா, நம்ம கணக்குப் புத்தகம் நாலாவது மாசத்துலதான் திறக்குது. முதல் பன்னெண்டு வாரம் பதிவேட்டுல பேர் எழுதற காலம் மட்டும்தான். பேர் எழுதின கை, அந்தப் பேருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதை அடிச்சுட்டு அடுத்த பேரை எழுதுது.

வீட்டிலயும் இதே கணக்குதான். மூணு மாசம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாத. சரி, சொல்லலை. போனதுக்கு அப்புறம்? வந்ததே தெரியாதவங்ககிட்ட போனதை எப்படிச் சொல்றது? எழவு வீட்டுக்கு நாலு பேர் வருவாங்க, பக்கத்து வீட்டுல சமைச்சுக் கொடுப்பாங்க, பதினாறு நாள் யாராவது கூட இருப்பாங்க. இதுக்கு எதுவும் கிடையாது. கண்ணு படாம இருக்கச் சொல்லாம விட்டோம், கடைசியில ஆறுதல் சொல்லவும் ஒரு ஆள் இல்லாமப் போச்சு.

இதை "மனசு சம்பந்தப்பட்டது, போகப் போக சரியாயிடும்"னு தள்ளறவங்களுக்கு ஒரு தகவல். 2020-ல லண்டன் ஆஸ்பத்திரிகள்ல கருச்சிதைவோ கருக்குழாய்க் கர்ப்பமோ ஆன 650-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு மாசம் கழிச்சு 29 சதவீதம் பேருக்கு, விபத்துல மாட்டினவங்களுக்கு வர்ற மாதிரியான மன அதிர்ச்சி அறிகுறிகள். ஒன்பது மாசம் கழிச்சும் 18 சதவீதம் பேருக்கு அது போகலை.

*

அடுத்தது சம்பளம். நம்ம சப்ஜெக்ட் :-)

1961 மகப்பேறு நலச் சட்டத்துல 9-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்தது. கருச்சிதைவு ஆனா ஆறு வாரம் சம்பளத்தோட லீவு. 1961! எங்க அம்மாவே பிறக்கலை. அந்தச் சட்டத்தோட இடத்துல இப்ப சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்துச்சு. அதுலயும் அதே ஆறு வாரம் இருக்கு. ஈ.எஸ்.ஐ.ல இருக்கறவங்களுக்கு அந்த ஆறு வாரத்துக்கும் முழுச் சம்பளக் கணக்குல பணம் வரணும்.

அக்கா எத்தனை நாள் லீவு எடுத்தா தெரியுமா? நாலு நாள். நாலும் சம்பளம் பிடித்தம். சூப்பர்வைசர்கிட்ட "காய்ச்சல்"னு சொன்னாளாம்.

கணக்கு போடுவோம். சம்பளம் 12,000 ரூபாய்னு வைங்க, ஒரு நாளைக்கு 400. ஆறு வாரம்னா 42 நாள். 42 பெருக்கல் 400, பதினாறாயிரத்து எண்ணூறு ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், மாசம் 90 ரூபாய் சம்பளத்துல பிடிக்கறாங்க. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். மாசா மாசம் பிடிக்கறது மட்டும் தவறாம நடக்குது. வரவேண்டிய 16,800 எங்கே? அவளுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஆஸ்பத்திரியில சொல்லலை, கம்பெனியில சொல்லலை. எனக்கே அதுக்கப்புறம் தேடிப் படிச்சுதான் தெரியும். மூணு வருஷமா பி.காம். படிக்கிறேன், லேபர் லா பேப்பர்ல மெட்டர்னிட்டின்னா 26 வாரம்னு மனப்பாடம் பண்ணோம். ஆறு வாரத்தைப் பத்தி ஒரு ரெண்டு மார்க் கேள்விகூட வந்து நான் பார்க்கலை.

அக்காவாவது பே-ஸ்லிப் இருக்கறவ. காசிமேட்டுல விடியற்காலை ஏலம் எடுத்துத் தலையில கூடை சுமக்கற அக்காங்க, இறால் உரிக்கறவங்க, கருவாடு காய வைக்கறவங்க, நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்க.. இவங்களுக்கு எந்த ஆறு வாரம்? அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்துல பதிவு பண்ணியிருந்தா கருச்சிதைவுக்கு 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனா அதுக்கும் ஒரு மருத்துவச் சான்று வேணும், பாரம் வேணும், ஆபீஸுக்கு நடக்கணும். ரத்தப்போக்கோட வீட்டுல படுத்திருக்கறவ எங்கே போய் க்யூல நிப்பா? உரிமை எழுத்துல இருந்து என்ன பண்ண, அது ஆஸ்பத்திரி வாசல்லயே கையில கிடைக்கணும்.

*

சரி, என்னதான்டா வேணும் உனக்குன்னு கேட்பீங்க. எங்க ஏரியாவுலயே ஆரம்பிக்கலாம். ராயபுரத்துல ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும். ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. சென்ட்ரல் எதிர்ல சத்திரம் கட்டின அதே சவளை ராமசாமி முதலியார்தான். 1880-ல ஆரம்பிச்சது, இப்ப ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோட சேர்ந்தது. வடசென்னையில பாதிப் பேர் அங்கே பிறந்தவங்க. நானும் அங்கேதான். அந்தக் காலத்துல ஏழைப் பொண்ணுங்க வீட்டுலயே பிரசவத்துல செத்துக்கிட்டு இருந்தாங்க. "அது விதி, சகஜம்"னு அப்பவும் சொல்லியிருப்பாங்க. யாரோ ஒருத்தர் அதை ஒத்துக்காம ஒரு கட்டடம் கட்டினதாலதான் இன்னைக்கு அது சகஜம் இல்லை. அடுத்த அடி எடுத்து வைக்க நமக்கு எத்தனை வருஷம் வேணும்?

நாலே நாலு விஷயம் கேட்கறேன்.

ஒண்ணு, ஒரு ரூம். ஆர்.எஸ்.ஆர்.எம்.ல ஒண்ணு, திருவொற்றியூர்-எண்ணூர் பக்கம் ஒண்ணு. 2021-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு, எண்ணூருக்கு வரலை. ரத்தப்போக்கோட ஷேர் ஆட்டோவுல ராயபுரம் வரைக்கும் வரச் சொல்லக் கூடாது. வாசல்ல "முதல் மூன்று மாதக் கர்ப்பிணிகள் - ரத்தப்போக்கு, வலி இருந்தால் நேராக இங்கே வரவும்"னு தமிழ்ல பலகை. ஸ்கேன் மெஷின் ஒண்ணு. வாரம் ஏழு நாளும். பிரசவ வார்டுல இருந்து தள்ளி. பிரிட்டன்ல இந்த மாதிரி ஆரம்பகாலக் கர்ப்பப் பிரிவுகள் பல வருஷமா இருக்கு. வாரம் ஏழு நாளும் இந்தச் சேவை கிடைக்கணும்னு 2012-லேயே அவங்க மருத்துவ வழிகாட்டி நெறியில எழுதிட்டாங்க.

ரெண்டு, ஒரு துணை. ஸ்கேன் ரூம்லயும் வார்டுலயும் அவ கேட்கற ஆள் கூட இருக்கணும், புருஷனா இருந்தாலும் சரி, அம்மாவா இருந்தாலும் சரி.

மூணு, நாலு வார்த்தை. சேதியை அவகிட்டதான் முதல்ல சொல்லணும், முகத்தைப் பார்த்து, உட்கார்ந்து. "உங்க தப்பு இல்லை"ன்னு சொல்லணும். அதோட, என்னென்ன வழி இருக்குன்னும் சொல்லணும். ரத்தப்போக்கு அதிகமாகவோ காய்ச்சலாகவோ இல்லாதப்ப, ஒண்ணு ரெண்டு வாரம் தானாப் போக விட்டுப் பார்க்கலாம், மாத்திரை கொடுக்கலாம், இல்லைன்னா உறிஞ்சி எடுக்கற சின்ன சிகிச்சை. மூணுமே மருத்துவம் ஒத்துக்கிட்ட வழிகள். எது அவளுக்குப் பொருந்தும்னு டாக்டர் சொல்லட்டும், எது வேணும்னு அவ சொல்லட்டும். சைன் போடுங்கன்னு மட்டும் சொன்னா அது சம்மதம் ஆகுமா?

நாலு, ஒரு காகிதம். டிஸ்சார்ஜ் சீட்டோடயே ஆறு வார லீவு சான்று, ஈ.எஸ்.ஐ.யா நலவாரியமான்னு பார்த்து அதுக்கான பாரம். எந்த அறிகுறி வந்தா திரும்ப வரணும்னு தமிழ்ல அச்சடிச்ச ஒரு பக்கம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன். 104 நம்பர் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. பரீட்சை எழுதின பிள்ளைங்களைக் கூப்பிட்டு மனசு தேத்தற அளவுக்கு ஏற்பாடு இருக்கற மாநிலம், கரு கலைஞ்ச பொண்ணுக்கு ஒரு போன் போட முடியாதா?

*

பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். அதனால முன்னாடியே சொல்லிடறேன்.

"நர்ஸுங்க பாவம்டா, ஒருத்தர் அம்பது பேரைப் பார்க்கறாங்க." ஆமாம், பாவம்தான். அதனாலதான் தனி ரூம் கேட்கறேன். அம்பது நிறைமாசக்காரங்க நடுவுல ஒருத்தியை உட்கார வெச்சுட்டு, அந்த நர்ஸ் அன்பா பேசணும்னு எதிர்பார்க்கறதுதான் அநியாயம். அன்பை ஒருத்தரோட குணத்துக்கு விட்டுடக் கூடாது, ஏற்பாட்டுல வைக்கணும். நேரம், இடம், ஆள் மூணும் கொடுத்தா பெரும்பாலானவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க.

"எங்க பாட்டி பத்து பெத்தாங்க, மூணு போச்சு, அழுதுக்கிட்டா இருந்தாங்க?" அழுதாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?

நான் கேட்டேன். பாட்டியை இல்லை, எங்க அம்மாவை. அக்கா விஷயம் நடந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு ராத்திரி கரண்ட் போனப்ப. "உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுடா. ரெண்டரை மாசம்"னு சொன்னாங்க. எந்த மாசம், என்ன கிழமைன்னு தேதியோட. இருபது வருஷத்துக்கு மேல ஆகுது, வேற யார்கிட்டயும் சொன்னதில்லையாம். அப்பாவுக்குத் தெரியும், ஆனா ரெண்டு பேரும் அதுக்கப்புறம் அதைப் பேசிக்கிட்டதே இல்லையாம். எங்க க்ளாஸ்ல அறுபது பேர். அறுபது அம்மாக்கள். நம்ம வீடுகள்ல இந்த மாதிரி எத்தனை தேதி இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அதனால க்ளாஸ்மேட்ஸுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நம்மள்ல பாதிப் பேர் எச்.ஆர்.ல உட்காருவோம், ஆடிட்டர் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு போடுவோம், கடை வெச்சு நாலு பேருக்கு வேலை கொடுப்போம். "ஒரு வாரமா காய்ச்சல்"னு ஒரு அக்கா தலை குனிஞ்சு சொன்னா, அந்த ஆறு வாரம் ஞாபகம் வரட்டும். வீட்டுல யாருக்காவது நடந்தா "அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்"னு ஆரம்பிக்காதீங்க. அது அடுத்த வாட்டி பத்தின பேச்சு இல்லை. "கஷ்டமா இருக்கும்ல.. நான் இங்கதான் இருக்கேன்"னு சொன்னாப் போதும். சொல்லத் தெரியலைன்னா டீ போட்டுக் கொடுத்துட்டுப் பக்கத்துல உட்காருங்க. நான் அதைத்தான் பண்ணேன். லேட்டாத்தான் பண்ணேன்.

அந்த சாக்லேட் ரொம்ப நாள் என் பேக்லயே கிடந்தது. சாப்பிடவும் தோணலை, தூக்கிப் போடவும் தோணலை. போன வாரம் அக்கா வந்தப்ப என் பேக்கைக் குடைஞ்சு எடுத்துட்டு, "என்னடா இது, உருகிப் போய்"ன்னா. சொன்னேன். கொஞ்ச நேரம் கையிலயே வெச்சிருந்தா. அப்புறம், "அந்தக் குழந்தை இப்ப தவழும்ல?"ன்னு கேட்டா.

நார்மல் லாஸாம்.

பி.கு.: இதைப் படிக்கிற யாருக்காவது உபயோகப்படும். கர்ப்பத்தோட ஆரம்பத்துல ஒரு பக்கமா கடுமையான வயித்து வலி, தலைசுத்தல், மயக்கம், தோள்பட்டை வலி இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்க, உடனே 108. கரு குழாய்ல தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துல ரெண்டு நாப்கினுக்கு மேல நனையற அளவுக்கு ரத்தம் போனாலும், காய்ச்சலோட கெட்ட வாடை வந்தாலும் அதே மாதிரிதான். டோக்கன் வரிசைன்னு சொன்னா சத்தம் போடுங்க. நான் அன்னைக்குப் போடலை.